கொல்லைவாசல் ருசி

எங்கள் ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலர் கூடி ஊர் நினைவு மலர் ஒன்று கொண்டுவந்திருக்கிறார்கள். வழவழத் தாள், வண்ண அட்டை. பழைய கடைகளையும் ஓட்டல்களையும் பற்றி ஆளாளுக்கு இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார்கள். காபி கிளப்பின் நெய் ரோஸ்ட், பித்தளை டவரா செட், கல்லாவில் உட்கார்ந்திருந்த முதலாளியின் சிரிப்பு, தேர் முக்கு மிட்டாய்க் கடை, பஸ் ஸ்டாண்டு சோடாக் கடை, வாடகை சைக்கிள் கடை எல்லாம் வருகிறது. படித்தால் நாக்கில் எச்சில் ஊறும். எனக்கும் ஊறியது. அதை மறைக்க விரும்பவில்லை.

மதுரைக்குத் தெற்கே ரயில் நின்று போகிற ஊர் அது. பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அந்த ஊர் மட்டும்தான் அப்படி என்று மற்ற ஊர்க்காரர்கள் நிம்மதியாகிவிடுவார்கள்.

மலர்க் குழுவிலிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என்னிடமும் கேட்டார். "சார், நீங்களும் நம்ம ஊர்க்காரர்தானே, ஒரு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க" என்றார். எழுதிக் கொடுத்தேன். பத்து நாளில் திருப்பித் தந்துவிட்டார். "நல்லாத்தான் இருக்கு சார். ஆனா மலருக்குச் சரிப்படாது. நல்ல நினைவா ஏதாச்சும் இருந்தா எழுதுங்களேன்." அவர் கெட்டவர் இல்லை. குரலில் வருத்தம்கூட இருந்தது. அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

நல்ல நினைவு ஒன்று என்னிடம் இருக்கத்தான் செய்கிறது. 1972. எனக்குப் பதினோரு வயது. வகுப்பில் முதல் மார்க். அய்யா அப்போது மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். காபி கிளப்புக்குப் போகிற அரிசியும் உளுந்தும் அவர் முதுகில்தான் போகும். தெருப் பக்கமாக இல்லை, விறகு அடுக்கியிருக்கிற சந்து வழியாக, கொல்லைவாசலுக்கு. மார்க்கைப் பார்த்துவிட்டு அய்யா சொன்னார்: "வாடா, இன்னைக்கு ஒனக்கு ரோஸ்ட் வாங்கித் தாரேன்."

அதே சந்துக்குத்தான் கூட்டிப்போனார். வாசலுக்கு வெளியே நின்று, "சாமீ" என்று குரல் கொடுத்தார். உள்ளேயிருந்து ஒரு பையன் வந்தான், என்னைவிட நாலு வயசுதான் மூத்தவன். "என்னடா?" என்று அய்யாவைக் கேட்டான். காசைத் திண்ணையில் வைக்கச் சொல்லி, தண்ணீர் தெளித்து எடுத்துக்கொண்டான். அரை மணி நேரம் கழித்து இலையில் சுற்றிய பொட்டலம் வந்தது. தூக்கிப் போட்டான். அய்யா துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டார். கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து பிரித்தோம். ரோஸ்ட் நமுத்துப் போய், சாம்பாரில் ஊறி, துணி மாதிரிக் கிடந்தது. நான் ரசித்துத்தான் தின்றேன். அய்யா ஒரு விள்ளல்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

ரோஸ்ட் என்றால் மொறுமொறுவென்று இருக்கும் என்பது 1984-இல் வேலை கிடைத்து மெட்ராசுக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரியும். முதல் தடவை சர்வர் கொண்டுவந்து வைத்தபோது கருக விட்டுவிட்டார்களோ என்று நினைத்தேன். மலரில் நாலு பேர் அந்த மொறுமொறுப்பைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அந்த மாவுக்கு உளுந்து சுமந்தவரின் மகனுக்கு அது பன்னிரண்டு வருசம் கழித்து, நானூறு கிலோமீட்டருக்கும் அப்பால் கிடைத்தது. திருப்பித் தரப்பட்ட கட்டுரையில் இருந்தது இவ்வளவுதான்.

"சட்டப்படி உள்ளே போயிருக்கலாமே?" என்று மாணவத் தோழர்கள் கேட்கலாம். போயிருக்கலாம்தான். கடைகளுக்கும் பொது உணவு விடுதிகளுக்கும் போவதை மதம், சாதி காட்டித் தடுக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 15(2)-ஆம் பிரிவு 1950-லேயே சொல்லிவிட்டது. 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. 1955-இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்தது. நான் பொட்டலத்தைப் பிரித்தபோது அந்தச் சட்டத்துக்கு என்னைவிட வயது அதிகம்.

ஆனால் சட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நுழைய வேண்டியவர் யார்? நாளைக்கும் அதே மண்டியில் மூட்டை தூக்க வேண்டிய ஒரு மனிதர். மலரில் திரும்பத் திரும்ப ஒரு வரி வருகிறது: அந்தக் காலத்தில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், முதலாளி ஒவ்வொருவரையும் பேர் சொல்லி விசாரிப்பார் என்று. அங்கேதான் இருக்கிறது விசயம். வெளியூரிலிருந்து வெள்ளைச் சட்டை போட்டு வந்த தலித் ஒருவர் அதே ஓட்டலில் உட்கார்ந்து தின்றுவிட்டுப் போயிருக்க முடியும். அய்யாவால் முடியாது. அவரை ஊருக்கே தெரியும். அவர் யார் மகன், எந்தத் தெரு, எந்தக் குடிசை என்று கல்லாவுக்குத் தெரியும். உங்களுக்கு அந்நியோன்யமாக இருந்த அதே பழக்கம்தான் எங்களுக்குக் காவல் போட்டது. கிராமத்தைக் கொண்டாட மறுத்து 1948-இல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் பேசியதை நான் சிறு நகரத்துக்கும் சேர்த்தே படிக்கிறேன்.

இன்னொரு கேள்வியும் வரும். ஓட்டல்களில் சாதியை எதிர்த்து இந்த மண்ணில் போராட்டமே நடக்கவில்லையா? நடந்தது. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பார்ப்பனருக்குத் தனியிடம் என்ற வழக்கம் 1941-இல் ஒழிந்தது. 1957-இல் திருவல்லிக்கேணியில் ஓர் ஓட்டல் முன்பு, 'பிராமணாள்' என்ற சொல்லைப் பெயர்ப் பலகையிலிருந்து எடுக்கச் சொல்லிப் பெரியார் மறியல் நடத்தினார். கூட்டம் கூட்டமாக ஆட்கள் சிறை போனார்கள். பலகை மாறியது. அந்தப் போராட்டத்தை நான் சிறுமைப்படுத்தவில்லை. ஆனால் எங்கள் ஊர் டீக்கடை மூங்கில் தூணில் ஆணியடித்துத் தொங்கிய அலுமினியத் தம்ளரில் எந்தச் சொல்லும் எழுதியிருக்கவில்லை. நாமே எடுத்து, நாமே கழுவி நீட்ட வேண்டும். மேலேயிருந்து ஊற்றுவார்கள். குடித்துவிட்டு, நாமே கழுவி, திரும்ப மாட்ட வேண்டும். எழுத்தே இல்லாத பலகை மீது யார் தார் பூசுவது? அந்த டீக்கடை பார்ப்பனர் கடையும் இல்லை. பலகையை எடுத்ததற்குக் கைதட்டியவர்களில் பலர் வீட்டுத் திண்ணையில் எங்களுக்குச் சிரட்டை இருந்தது. இதைச் சொன்னால் இன்றைக்கும் சில முற்போக்கு நண்பர்களுக்கு முகம் சுருங்குகிறது.

"அதெல்லாம் பழைய கதை, இப்போ எதுக்குக் கிளறுறீங்க?" என்கிறார்கள். கிளறியது நானா? மலர் போட்டுக் கிளறியவர்கள் அவர்கள்தானே! பழசில் நெய்யை மட்டும் வழித்துக்கொள்வேன், கசடை நீ பேசாதே என்பது என்ன நியாயம்?

பழைய கதைதானா என்றும் பார்த்துவிடுவோம். 2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில் மிட்டாய் வாங்க வந்த தலித் குழந்தைகளிடம், ஊர்க் கட்டுப்பாடு, தர முடியாது என்று சொல்லிக் கடைக்காரர் திருப்பி அனுப்பினார். அதைப் படமும் எடுத்துப் பரப்பினார்கள். அதே ஆண்டு டிசம்பரில், வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டதை விசாரிக்கப் போன மாவட்ட ஆட்சியர், அந்தப் பகுதி டீக்கடையில் இரட்டைக் குவளையைக் கண்டு வழக்குப் போடச் செய்தார். 2024 பிப்ரவரியில் தர்மபுரி மாவட்டத்தில் காட்டு வேலைக்குப் போன தலித் பெண்களுக்குச் சிரட்டையில் டீ ஊற்றியது செய்தியாக வந்தது. பாஞ்சாகுளத்துக் குழந்தைகளும் நாளைக்குப் பெரியவர்களாவார்கள். அவர்கள் ஊருக்கும் யாராவது ஒரு மலர் போடுவார்கள். அந்தக் கடையைப் பற்றி அதில் என்ன இருக்கும்?

எங்கள் ஊரில் ஆணித் தம்ளர் இப்போது இல்லை. எல்லாருக்கும் பேப்பர் கப். சமத்துவம் வந்துவிட்டது என்று சிலர் சொல்கிறார்கள். ஒருவர் வாய் வைத்த கண்ணாடி கிளாசை இன்னொருவர் கழுவி வாய் வைக்க வேண்டிய சங்கடம் தீர்ந்துபோனது, அவ்வளவுதான்.

மலரில் இல்லாத கடைகளும் எங்கள் ஊரில் இருந்தன. தெருமுனையில் அப்பத்தா ஒருத்தி இட்லிப் பானை வைத்திருந்தாள். ஓட்டலுக்கு விறகு போட வருகிறவர்களும் தெருக் கூட்டுகிறவர்களும் அங்கேதான் குந்தித் தின்பார்கள். காசு இல்லாதவனுக்குக் கரிக்கோட்டில் கணக்கு. ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாட்டுக்கறிச் சுக்கா போடுவார்கள். கொடியில் உப்புக்கண்டம் காயும். ஒரு பாய் கடையில் பெஞ்சில் உட்கார்ந்து, எல்லாருக்கும் உள்ள அதே கிளாசில் டீ குடிக்கலாம். அய்யா வாழ்நாளில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து நான் பார்த்த ஒரே கடை அதுதான். இவையும் பழைய கடைகள்தான். இவற்றுக்கும் ருசி இருந்தது.

எங்கம்மா கடைத்தெருவுக்குக் கிளம்பும்போது "ஊருக்குள்ள போயிட்டு வாரேன்" என்றுதான் சொல்வாள். முனிசிபாலிட்டிக் கணக்கில் எங்கள் தெருவும் அதே ஊர்தான். நடந்தால் ஐந்து நிமிசம். ஆனாலும் அவளுக்கு ஊர் என்பது வேறு இடம். 'நம்ம ஊர்' என்று எழுதுகிறவர்கள் அந்தச் சொல்லுக்கு முன்னால் கொஞ்சம் நிற்க வேண்டும்.

இந்தப் பத்திரிகையைப் படிக்கிற தோழர்கள், குறிப்பாக மாணவர்கள், ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஊரிலும் இப்படி மலர்கள் வரும். உங்கள் தெருவில் எழுபது வயது தாண்டியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள்: எந்தக் கடையில் நின்றீர்கள், எங்கே உட்கார்ந்தீர்கள், கிளாசை யார் கழுவினார்கள், காசை எங்கே வைத்தீர்கள்? சிலர் சொல்ல மாட்டார்கள். அவமானத்தைப் பேரப்பிள்ளைகளிடம் சொல்வது லேசில்லை. அய்யா அந்த ரோஸ்ட்டைப் பற்றிச் சாகும்வரை பேசவில்லை. ஏன் ஒரு விள்ளல்கூட எடுத்துக்கொள்ளவில்லை என்று நானும் கேட்காமல் விட்டுவிட்டேன். நீங்கள் கேட்டுவிடுங்கள்.

மலர்க் குழு நண்பருக்கு: அடுத்த பதிப்பு வந்தால் அதே இரண்டு பக்கத்தை அப்படியே அனுப்புவேன். ஒரு வரியும் மாற்ற மாட்டேன். போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். போடாவிட்டால் அட்டையிலிருந்து 'நம்ம' என்பதை எடுத்துவிட்டு 'எங்க' என்று போட்டுக்கொள்ளுங்கள். அதுவாவது உண்மையாக இருக்கும்.