ஹாபிக்குச் செலவு பண்றது தப்பா? ஆஷ்காஷ் போய்ட்டு வந்து என் பழைய பதிலை மாத்துறேன்

நம்ம சேனலை ரொம்ப நாளா பார்க்கிறவங்களுக்கு அந்தக் கேள்வி பதில் வீடியோ ஞாபகம் இருக்கும். கோயம்புத்தூர்ல இருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். கைக்கு வர்ற சம்பளம் 48,000. மரவேலை பழகுறார். லீவு நாள்ல ஸ்டூல், புக் ஷெல்ஃப்னு எதையாவது செய்றார். டூல்ஸுக்கும் மரத்துக்கும் மாசம் 6,000 போகுது, இது சரியா சார்னு கேட்டிருந்தார்.

நான் கால்குலேட்டரை எடுத்தேன். மாசம் 6,000, 20 வருஷம், 12% வருமானம்னு வெச்சுக்கிட்டா சுமார் 60 லட்சம். அதை ஸ்கிரீன்ல பெரிய எழுத்துல போட்டு, "ஸ்டூல் வேணுமா, 60 லட்சம் வேணுமா?"னு கேட்டேன். வீடியோ நல்லா போச்சு. ரெண்டு மாசம் கழிச்சு அந்தத் தம்பி கமென்ட் போட்டார்: டூல்ஸை எல்லாம் வித்துட்டேன் சார், எஸ்.ஐ.பி. ஆரம்பிச்சுட்டேன். அந்தக் கமென்ட்டைப் பெருமையா மேலே பின் பண்ணி வெச்சேன்.

அந்தப் பதில்ல ஒரு பாதி தப்புன்னு எனக்குப் புரிஞ்சது, அமெரிக்காவில் ஒரு புல்வெளியில் நிற்கும்போது.

என் மனைவியோட அண்ணன் விஸ்கான்சின் மாநிலத்துல, மில்வாக்கியில் இருக்கார். மாசச் சம்பளக்காரர், நம்மளை மாதிரிதான். வீட்டு கராஜில் ஒரு விமானம் கட்டிக்கிட்டு இருக்கார். பொம்மை இல்லைங்க, ரெண்டு பேர் உட்கார்ந்து பறக்கிற நிஜ விமானம். போன ஜூலையில் நாங்க அங்கே போயிருந்தப்போ, "மாப்ள, வாங்க, என்னை மாதிரி கிறுக்கனுங்க எத்தனை பேர் இருக்காங்கன்னு காட்டுறேன்"னு ஒன்றரை மணி நேர டிரைவில் ஆஷ்காஷுக்குக் கூட்டிட்டுப் போனார்.

எக்ஸ்பெரிமென்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன் என்ற அமைப்பு வருஷா வருஷம் ஜூலைக் கடைசியில் அங்கே ஒரு வாரம் விமானத் திருவிழா நடத்துகிறது. பால் போபரெஸ்னி என்பவர் 1953-ல் மில்வாக்கியில் தொடங்கிய அமைப்பு இது. வீட்டிலேயே விமானம் கட்டுகிறவர்கள் ஒன்று கூட ஆரம்பித்தது, 1970-லிருந்து ஆஷ்காஷ் விட்மன் விமான நிலையத்திலேயே நிரந்தரமாகிவிட்டது. இப்போ சுமார் 10,000 விமானங்கள் வருது, ஆறு லட்சத்துக்கும் மேல ஜனம். அந்த ஒரு வாரம் உலகத்திலேயே பிஸியான கன்ட்ரோல் டவர் இந்தச் சின்ன ஊரோடதுதான்.

இத்தனை விமானத்தை எப்படி இறக்குறாங்கன்னு பார்க்கிறதே தனி அனுபவம். சின்ன விமானங்கள் எல்லாம் ரிப்பன் என்ற ஊரிலிருந்து ஒரு ரயில் பாதைக்கு மேலே ஒன்றன் பின் ஒன்றாக வரிசையில் வரணும். ஃபிஸ்க் என்ற இடத்தில் தரையில் நிற்கும் கன்ட்ரோலர்கள் பைனாகுலரில் பார்த்து, விமானத்தின் நிறத்தைச் சொல்லி "இறக்கையை ஆட்டு" என்று ரேடியோவில் சொல்வார்கள். பைலட் வாயைத் திறக்கக் கூடாது, இறக்கையை ஆட்டினால் போதும். ஓடுபாதையில் கலர் கலரா பெரிய புள்ளிகள். நீ பச்சைப் புள்ளியில் இறங்கு, உனக்குப் பின்னால் வருபவன் ஆரஞ்சுப் புள்ளியில். ஒரே ஓடுபாதையில் அடுத்தடுத்து இறங்குறாங்க. நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டை நினைச்சுக்கிட்டு, நான் பேசாம நின்னேன்.

ஆனா எனக்கு வேலை இருந்தது வீட்டில் கட்டிய விமானங்கள் நிறுத்தியிருந்த பகுதியில்தான். புல்தரையில் வரிசையா நிற்கும். ப்ரொப்பெல்லரில் ஒரு அட்டை: யார் கட்டினது, எந்த ஊர், என்ன மாடல். சிலர் எத்தனை வருஷம் ஆச்சுன்னும் எழுதியிருந்தாங்க. 4 வருஷம், 9 வருஷம், ஒரு இடத்தில் 13 வருஷம். மச்சான் ரிவெட் வரிசையைக் குனிஞ்சு பார்த்துக்கிட்டு இருந்தார். நான் வருஷத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்.

அமெரிக்கச் சட்டப்படி இந்த மாதிரி விமானத்துக்கு அனுமதி கிடைக்கணும்னா, பாதிக்கும் மேற்பட்ட வேலையைத் தொழில்முறை இல்லாதவர்கள் தங்கள் கையால் செய்திருக்கணும். 51 சதவீத விதின்னு சொல்றாங்க. அதுவும் சொந்தக் கல்விக்காக அல்லது பொழுதுபோக்குக்காக மட்டுமே கட்டியிருக்கணும். வாடகைக்கு ஆள் ஏத்தவோ, காசு வாங்கிச் சரக்கு கொண்டு போகவோ கூடாது. கட்டியதற்கு ஆதாரமா போட்டோ, லாக் புக், பில் எல்லாம் வெச்சிருக்கணும். மச்சானோட ஃபைலைப் பார்த்தேன், என்கிட்ட ஆடிட்டுக்கு வர்ற பல கம்பெனிகளோட வவுச்சர் ஃபைலை விட ஒழுங்கா இருக்கு.

அந்த "பொழுதுபோக்குக்காக மட்டுமே" என்ற வரிதான் எனக்குப் பிடிச்சுப் போச்சு. நம்ம ஊர்ல யாராவது காஸ்ட்லி கேமரா வாங்கினா, "இது ஒரு இன்வெஸ்ட்மென்ட் சார், கல்யாண ஆர்டர் எடுப்பேன்"னு ஒரு சாக்கு. பைக் வாங்கினா டிராவல் சேனல். எதை வாங்கினாலும் அது சம்பாதிச்சுக் கொடுக்கும்னு நம்மளையே ஏமாத்திக்கிறோம். என்னை மாதிரி யூட்யூப்ல பேசுறவங்களும் "ஹாபியைச் சைடு இன்கமா மாத்துங்க"ன்னு சொல்லி இதுக்குத் தூபம் போட்டிருக்கோம். ஆஷ்காஷ்ல அந்தச் சாக்கைச் சட்டமே வாங்கி வெச்சிருச்சு. இது செலவு, சம்பாதிக்காது, தெரிஞ்சுதான் பண்றோம். அவ்வளவுதான். நம்ம வருமான வரிச் சட்டத்திலும் நகை, ஓவியம் மாதிரி சில விலக்குகள் தவிர, சொந்த உபயோகத்துக்கான அசையும் பொருள்கள் மூலதனச் சொத்தே கிடையாது. உங்க கேமராவை நஷ்டத்துக்கு வித்தா அந்த நஷ்டத்தைக் கழிச்சுக்க முடியாது. சட்டத்துக்கு இருக்கிற தெளிவு நமக்கு இல்லை.

சரி, செலவுன்னு ஒத்துக்கிட்டாச்சு. எவ்வளவு, எப்படி? இங்கேதான் இந்த விமானக்காரர்கள்கிட்ட நான் கத்துக்கிட்டது இருக்கு.

பெரும்பாலான கிட் விமானங்களை மொத்தமா வாங்க வேண்டாம். முதல்ல வால் பகுதி, அப்புறம் இறக்கை, அப்புறம் உடற்பகுதி, அப்புறம் மிச்சம். எஞ்சின், ப்ரொப்பெல்லர், காக்பிட் கருவிகள் தனி. எல்லாம் சேர்ந்தா ஒரு லட்சம் டாலரைத் தாண்டுவது சாதாரணம், அதை ஒரே நாள்ல கொடுத்தா எந்தச் சம்பளக்காரனும் காலி. மச்சான் மாசம் 600 டாலரைத் தனி அக்கவுன்ட்ல போடுறார். வால் பகுதி கிட்டைப் பாதியில் கைவிட்ட ஒருத்தர்கிட்ட செகண்ட் ஹேண்ட்ல வாங்கினார். அதை முடிக்க ரெண்டு வருஷம். அதுக்குள்ள இறக்கைக்குப் பணம் சேர்ந்திருச்சு. வேலையோட வேகமும் சேமிப்போட வேகமும் ஒண்ணா போகுது. ஒரு கட்டத்துல பிடிக்கலைன்னா நிறுத்திடலாம், நஷ்டம் அதுவரைக்கும்தான். அவருக்கு வித்தவருக்கு நடந்ததும் அதுதான். போட்ட உழைப்புக்கு ஒரு டாலர்கூடத் திரும்பக் கிடைக்கலை, ஆனா கடனும் இல்லை.

இப்படிப்பட்ட மனுஷனும் அன்னிக்குச் சறுக்கப் பார்த்தார். கண்காட்சிக் கூடத்தில் எல்லா ஸ்டாலிலும் திருவிழாத் தள்ளுபடி, இந்த வாரம் மட்டும்தான். நம்ம தீபாவளி ஆஃபர், ஆன்லைன் பிக் சேல் எல்லாம் இதுக்குத் தம்பிதான். ஒரு எஞ்சின் ஸ்டாலில் மச்சான் நின்னுட்டார். நல்ல தள்ளுபடி, கடனும் ஏற்பாடு பண்ணித் தர்றோம்னு சொன்னாங்க. என் பக்கம் திரும்பி, "மாப்ள, நீங்கதான் சி.ஏ. ஆச்சே, சொல்லுங்க. இப்ப விட்டா அடுத்த வருஷம் விலை ஏறிடும்"னார்.

மாசத் தவணையைக் கேட்டேன். அவர் விமானத்துக்கு ஒதுக்குற 600 டாலரை விட அதிகம். அதாவது இறக்கையே இல்லாத விமானத்தோட எஞ்சினுக்கு இ.எம்.ஐ. கட்டணும், இறக்கை வாங்கக் காசு இருக்காது. நான் இதைச் சொல்றதுக்குள்ள, பக்கத்துல நின்ன ஒரு பெரியவர், சொந்தமா கட்டிய விமானத்திலேயே அங்கே வந்திருந்தவர், மச்சான்கிட்ட சொன்னார்: எஞ்சினையும் கருவிகளையும் கடைசியா வாங்கு. வாரன்ட்டி இன்னிக்கே ஓட ஆரம்பிச்சிடும், கராஜ்ல சும்மா கிடந்தா உள்ளே துருப்பிடிக்கும், நீ பறக்கிறதுக்குள்ள கருவிகள் பழசாயிடும். எது சீக்கிரம் மதிப்பு இழக்குமோ அதைக் கடைசியா வாங்கணும்னு சி.ஏ. புத்தகத்துல கூட நான் இவ்வளவு தெளிவா படிச்சதில்லை. மச்சான் முகம் வாடினாலும் நகர்ந்துட்டார். சாயங்காலம் ஏர் ஷோவில் பழைய போர் விமானங்கள் வந்ததும் சரியாகிட்டார்.

இன்னொண்ணும் சொல்லணும், ஏன்னா கட்டம் கட்டமா வாங்கினா பத்திரம்னு நீங்க நினைச்சிடக் கூடாது. ஆர்.வி. வகை கிட்களை விற்கும் வேன்ஸ் ஏர்கிராஃப்ட், 1973-ல் ரிச்சர்ட் வான்குருன்ஸ்வென் தொடங்கியது, இந்தத் துறையில் பெரிய பெயர். அவங்க கிட்டில் கட்டிய விமானங்கள் 11,000-க்கும் மேலே பறந்திருக்கு. அந்த நிறுவனமே 2023 டிசம்பரில் சாப்டர் 11 திவால் பாதுகாப்பு கேட்டது. லேசரில் வெட்டிய சில பாகங்களில் விரிசல் பிரச்சினை, ஏறிப்போன செலவு. அட்வான்ஸ் கட்டிக் காத்திருந்தவர்கள், விலையை ஏத்தின புது ஒப்பந்தத்தை ஏத்துக்கணும், இல்லைன்னா கடன்காரர்கள் வரிசையில் நிற்கணும். நிறுவனம் 2024-ல் மீண்டு வந்துவிட்டது. ஆனா பாடம் நமக்கு: பொருள் கைக்கு வராத வரை அட்வான்ஸ் என்பது எந்த அடமானமும் இல்லாமல் நீங்க கொடுத்த கடன். நகைச்சீட்டு கட்டுறவங்க இதை ரெண்டு தடவை படிங்க.

இப்ப அந்தக் கோயம்புத்தூர் தம்பி விஷயத்துக்கு வர்றேன். அவர்கிட்ட நான் கேட்டிருக்க வேண்டியது வேற கேள்விகள். ஆறு மாசச் செலவுக்கு எமர்ஜென்சி ஃபண்ட் இருக்கா? ஹெல்த் இன்ஷூரன்ஸ், வீட்டுக்கு உங்க சம்பளம்தான்னா டேர்ம் இன்ஷூரன்ஸ்? கிரெடிட் கார்டு பில்லை முழுசா கட்டுறீங்களா? ரிட்டயர்மென்ட்டுக்கு ஏதாவது போகுதா? இது எல்லாத்துக்கும் ஆமாம்னா, மிச்சத்துல அந்த 6,000 அவரோட பணம். அதை 20 வருஷம் கழிச்சு வர்ற தொகையோட ஒப்பிட்டு அவரைப் பயமுறுத்த எனக்கு உரிமை இல்லை. இதே கணக்குல மாசம் 6,000 ஹோட்டல்ல சாப்பிடுறவர்கிட்ட நான் 60 லட்சத்தைக் காட்டினதே இல்லை. எதையாவது ஒழுங்கா உட்கார்ந்து செய்றவனைத்தான் மடக்கினேன். ஆமாம்கிற பதில் வரலைன்னா, அப்பவும் விக்கச் சொல்லியிருக்க மாட்டேன். புதுசா வாங்குறதை நிறுத்துங்க, இருக்கிற டூல்ஸை வெச்சு வேலை செய்ங்கன்னு சொல்லியிருப்பேன். செகண்ட் ஹேண்ட் டூல்ஸை வித்தா என்ன கிடைக்கும்னு தெரியாதா எனக்கு?

சிலர் கேட்பீங்க, ஹாபி பேர்ல எல்லாரும் செலவு பண்ண ஆரம்பிச்சா என்ன சார் ஆகும்னு. மச்சானைப் பார்த்த அப்புறம் எனக்கு அந்தப் பயம் குறைஞ்சிருக்கு. அவர் வாரம் பத்து மணி நேரம் கராஜ்ல இருக்கார். மாலுக்குப் போக நேரமில்லை, போனில் ஆர்டர் போடவும் நேரமில்லை. கையில் கிரீஸ்.

பின் பண்ணின கமென்ட்டை எடுத்துட்டேன். வீடியோவை எடுக்கலை, கணக்கு சரிதான். அதுக்குக் கீழே இந்தப் பதிவோட லிங்க்கைப் போட்டிருக்கேன். அந்தத் தம்பிக்கும் தனியா எழுதினேன். எஸ்.ஐ.பி. தொடருதாம். ஒரு உளியையும் இழைப்புளியையும் மட்டும் விக்க மனசு வரலைன்னு சொன்னார்.