காணொளி பரவினால் மட்டும் போதாது

2021 அக்டோபர் 3 அன்று, உத்தரப்பிரதேச மாநிலம் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தின் டிகுனியாவில், போராட்டம் முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த விவசாயிகள் மீது வாகனங்கள் ஏறின. நான்கு விவசாயிகளும் ஒரு பத்திரிகையாளரும் உயிரிழந்தனர். அதைத் தொடர்ந்த வன்முறையில் மேலும் மூவர் மாண்டனர். முன்னால் வந்த தார் ஜீப், அப்போதைய ஒன்றிய உள்துறை இணையமைச்சர் அஜய் மிஸ்ராவின் குடும்பத்துக்குச் சொந்தமானது. ரத்தம் உலர்வதற்கு முன்பே ஆளும் தரப்பின் விளக்கம் வந்துவிட்டது. விவசாயிகள் கல்லெறிந்தார்களாம், ஓட்டுநர் கட்டுப்பாட்டை இழந்தாராம், ஆகவே நடந்தது விபத்தாம். மாவட்டத்தில் இணையச் சேவையும் துண்டிக்கப்பட்டது.

அந்த விளக்கத்தைப் பொய்யாக்கியது காவல்துறையின் விசாரணையல்ல. யாரோ ஒருவரின் கைபேசி. சாலையில் விவசாயிகள் சாவதானமாக நடந்து செல்கின்றனர். முதுகுப்புறமாக ஜீப் பாய்ந்து வருகிறது. ஒருவர் வண்டியின் முகப்பில் தூக்கி வீசப்படுகிறார். அந்தக் காட்சியில் கல்லும் இல்லை, கல்லெறிபவரும் இல்லை. அமைச்சரின் மகன் ஆசிஷ் மிஸ்ரா கைது செய்யப்பட ஆறு நாட்கள் ஆயின. உச்சநீதிமன்றம் தலையிட்டு, ஓய்வுபெற்ற நீதிபதி ராகேஷ் குமார் ஜெயினின் மேற்பார்வையில் விசாரணையை வைத்தது. திட்டமிட்ட சதியே இது என்று சிறப்புப் புலனாய்வுக் குழு டிசம்பரில் கூறியது. ஏறத்தாழ 5,000 பக்கக் குற்றப்பத்திரிகையும் தாக்கலானது.

அதன் பிறகு? குற்றச்சாட்டை மறுக்கும் ஆசிஷ் மிஸ்ராவுக்கு 2024 ஜூலையில் முறையான ஜாமீன் கிடைத்தது. தந்தையோ 2024 தேர்தலில் கேரி தொகுதி வாக்காளர்கள் தோற்கடிக்கும் வரை உள்துறை இணையமைச்சராகவே நீடித்தார். காணொளி பொய்யை வீழ்த்தியது, அதிகாரத்தை அசைக்கவில்லை. இந்த இடைவெளியைப் பற்றித்தான் இடதுசாரி இயக்கம் சிந்திக்க வேண்டியிருக்கிறது.

பொதுவெளியில் கிடைக்கும் காணொளி, புகைப்படம், செயற்கைக்கோள் படம், அரசு ஆவணம் ஆகியவற்றைக் கொண்டு மனித உரிமை மீறல்களை நிறுவும் முறை இன்று உலகெங்கும் ஒரு தனித்துறையாக வளர்ந்துள்ளது. திறந்த மூலப் புலனாய்வு என்பது இதன் பெயர். ஐ.நா. மனித உரிமை அலுவலகமும் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் மனித உரிமை மையமும் சேர்ந்து 2020இல் இதற்கென ‘பெர்க்லி நெறிமுறை’யை வெளியிட்டன. பெயர் மிரட்டினாலும் வேலை எளிய தர்க்கம் சார்ந்ததே: இது எங்கே, எப்போது எடுக்கப்பட்டது, இதில் இருப்பவர் யார், இதை வேறு எது உறுதிப்படுத்துகிறது?

கேமரூன் நாட்டில் நடந்தது இதற்குச் சிறந்த சான்று. இரண்டு பெண்களையும் இரண்டு குழந்தைகளையும் சீருடை அணிந்தவர்கள் அழைத்துச் சென்று சுட்டுக் கொல்லும் காணொளி 2018இல் பரவியது. அரசு அதைப் போலிச் செய்தி என்றது. பிபிசியின் ஆப்பிரிக்கப் புலனாய்வுப் பிரிவு, பின்னணியில் தெரிந்த மலைத்தொடரின் வரைகோட்டை நிலப்பரப்போடு ஒப்பிட்டு, இடம் கேமரூனின் வடகோடி என்று கண்டுபிடித்தது. பழைய செயற்கைக்கோள் படங்களில் எந்தக் கட்டடம் எப்போது எழுந்தது, எப்போது மறைந்தது என்று பார்த்து ஆண்டைக் குறுக்கியது. நடந்து செல்லும் சிப்பாய்களின் நிழல் விழுந்த கோணம், 2015 மார்ச் இறுதிக்கும் ஏப்ரல் தொடக்கத்துக்கும் இடைப்பட்ட நாட்களைக் காட்டியது. மலையையும் நிழலையும் எந்த அமைச்சரும் மறுக்க முடியாதல்லவா! முதலில் மறுத்த அதே அரசு பின்னர் ஏழு ராணுவத்தினரைக் கைது செய்தது. 2020இல் நால்வருக்குத் தலா பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

நேரத்தின் முக்கியத்துவத்தை டில்லி ஜஹாங்கிர்புரியும் கற்பித்தது. 2022 ஏப்ரல் 20 காலை அங்கு இடிப்பை நிறுத்திவைக்குமாறு உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. உத்தரவு வந்து ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் புல்டோசர்கள் ஓடிக்கொண்டிருந்தன. தோழர் பிருந்தா காரத் உத்தரவின் நகலைக் கையில் ஏந்தி இயந்திரத்தின் முன்னால் நின்ற காட்சியை நாடே பார்த்தது. அன்று இடிப்பைத் தடுத்தது அந்தத் துணிவு. ‘உத்தரவு கைக்கு வந்து சேரவில்லை’ என்று அதிகாரிகள் சொல்லும்போது நேரத்தோடு கூடிய பதிவுகளே அதற்குப் பதிலாக நிற்க முடியும். இரண்டும் ஒன்றையொன்று ஈடு செய்யா.

ஆனால் மணிப்பூரை நினைக்கும்போது இந்தத் துறையைக் கொண்டாடும் மனநிலை வருவதில்லை. 2023 மே 4 அன்று இரண்டு குக்கி பெண்கள் நிர்வாணமாக்கப்பட்டு ஊர்வலமாக இழுத்துச் செல்லப்பட்டனர். மே 18 அன்றே காவல் நிலையத்தில் புகார் பதிவாயிற்று. காணொளி வெளிவந்ததோ ஜூலை 19 அன்று. மறுநாள் முதல் கைது நடந்தது. மறுநாள்தான் பிரதமரும் மணிப்பூர் பற்றி வாய் திறந்தார். இடைப்பட்ட இரண்டரை மாதங்களில் குற்றம் நடந்தது அரசுக்குத் தெரியாதிருந்ததா? முதல் தகவல் அறிக்கையே இருந்ததே. அந்தக் காணொளி அம்பலப்படுத்தியது குற்றத்தை மட்டுமல்ல, தெரிந்தே காக்கப்பட்ட மௌனத்தை. மே 3 முதல் துண்டிக்கப்பட்டிருந்த இணையம் வன்முறையைத் தடுக்கவில்லை, சாட்சியத்தைத்தான் தடுத்தது. காணொளி வெளிவந்ததும் ஒன்றிய அரசு விரைந்து செய்த வேலைகளுள் ஒன்று, அதை நீக்குமாறு சமூக ஊடக நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது.

அதே நிகழ்வுக்கு இன்னொரு முகமும் உண்டு. மெய்தெய் பெண் ஒருவர் பாலியல் வன்கொடுமை செய்து கொல்லப்பட்டதாகக் கூறி, அந்த நாட்களில் ஒரு படம் பரப்பப்பட்டது. உண்மையில் அது மணிப்பூருக்குத் தொடர்பே இல்லாத, 2022இல் வட இந்தியாவில் கொலையுண்ட ஓர் இளம்பெண்ணின் படம். பழிவாங்கும் வெறிக்கு அந்தப் பொய்யும் எண்ணெய் வார்த்தது என்று செய்தியாளர்கள் பதிவு செய்துள்ளனர். படத்தின் மூலத்தைத் தேடிப் பார்க்கச் சில நிமிடங்கள் போதும். அதைச் செய்யும் அமைப்பு களத்தில் இல்லாதபோது கலவரக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களே செய்தி நிறுவனங்களாகிவிடுகின்றன. மேலும், ஜூலையில் வந்த உண்மைக் காணொளியையும் நல்லெண்ணத்தோடு பகிர்ந்தவர்களில் பலர் அப்பெண்களின் முகத்தை மறைக்கவில்லை. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவதைச் சட்டம் தடுக்கிறது என்பது ஒருபுறமிருக்க, கொடுமையை மீண்டும் மீண்டும் திரையிடுவது அவர்களுக்கு ஆதரவாகாது.

அரசு இத்தொழில்நுட்பத்தை அறியாததல்ல. 2020 டில்லி வன்முறைக்குப் பின், வாக்காளர் அடையாள அட்டை, ஓட்டுநர் உரிமத் தரவுகளைக் கொண்டு முக அடையாள மென்பொருள் வழியே 1,100க்கும் மேற்பட்டோர் அடையாளம் காணப்பட்டதாக அமித் ஷா நாடாளுமன்றத்தில் பெருமையுடன் அறிவித்தார். அதே வன்முறையின்போது, சாலையில் காயமுற்றுக் கிடந்த இளைஞர்களைக் காவலர்கள் லத்தியால் குத்தித் தேசியகீதம் பாடச் சொன்ன காணொளியும் ஊரறியப் பரவியது. அவர்களுள் 23 வயது இளைஞர் ஒருவர் இறந்துபோனார். அந்தக் காவலர்களை அடையாளம் காண மட்டும் மென்பொருளுக்குக் கண் தெரியவில்லை போலும். டில்லி காவல்துறையின் விசாரணையில் நம்பிக்கை இழந்த டில்லி உயர்நீதிமன்றம் 2024 ஜூலையில், நான்கு ஆண்டுகளுக்கும் மேலான பிறகு, வழக்கை சிபிஐக்கு மாற்றியது. கேமரா நடுநிலையானது, அதைத் திருப்பும் கை நடுநிலையானதல்ல.

ஆகவே கட்சி அணிகளிடம் இருக்க வேண்டியது காணொளியைப் பகிரும் பழக்கம் மட்டுமல்ல, அதைக் காக்கும் பழக்கமும் ஆகும். வாட்ஸ்அப்பில் வழக்கமான முறையில் அனுப்பப்படும் காணொளி சுருக்கப்படுகிறது. எடுத்த நேரம், கருவி பற்றிய உட்தகவல்கள் உதிர்ந்துவிடுகின்றன. நூறு குழுக்களில் சுற்றிய பிரதி பிரச்சாரத்துக்கு உதவலாம். நீதிமன்றத்தில் அதன் மதிப்பு குறையும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவுக்கு இரண்டு பகுதிகள் கொண்ட சான்றிதழைக் கோருகிறது. ஒன்றில் பதிவை அளிப்பவரும், மற்றொன்றில் வல்லுநரும் கையெழுத்திட வேண்டும். கோப்பின் ஹேஷ் எண்ணையும் அதில் குறிக்க வேண்டும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் மாறிவிடும் கைரேகை போன்றது அந்த எண். எனவே மூலக் கைபேசியில் உள்ள கோப்பை வெட்டாமல், அதன் மேல் பாட்டோ எழுத்தோ சேர்க்காமல் அப்படியே நகலெடுத்து, எண்ணைக் குறித்து, எடுத்தவர் யாரென்பதைப் பாதுகாப்பாகப் பதிவு செய்ய வேண்டும். எடுத்தவரின் பெயர் குழுக்களில் உலவக் கூடாது. பல ஊர்களில் சாட்சி சொல்பவர்தான் அடுத்துத் தாக்கப்படுகிறார்.

நிறுவனங்களை நம்பிச் சாட்சியத்தை அங்கேயே விட்டுவைப்பதும் ஆபத்து. 2017இல் யூடியூப்பின் தானியங்கி நீக்கத்தில் சிரியப் போர்க்குற்றங்கள் பற்றிய லட்சக்கணக்கான காணொளிகள் மறைந்தன. சிரிய ஆவணக் காப்பகம் போன்ற அமைப்புகள் முன்கூட்டியே நகலெடுத்து வைத்திருந்ததால் ஒரு பகுதி மிஞ்சியது. இங்கோ உள்துறையின் ‘சஹ்யோக்’ தளம் வழியாகப் பதிவுகளை நீக்கச் சொல்லும் ஏற்பாடே நிறுவப்பட்டுள்ளது. அதை எதிர்த்த எக்ஸ் நிறுவனத்தின் மனுவைக் கர்நாடக உயர்நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்தது. கோடீசுவரர் எலான் மஸ்க்கின் நிறுவனம் கருத்துரிமைக்காகப் போராடும் என்று எதிர்பார்த்திருப்பது இடதுசாரிகளுக்கு அழகல்ல.

காவல் நிலையங்களின் கேமராக்களும் இந்தப் போராட்டக் களத்தைச் சேர்ந்தவையே. 2020இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவல் சித்திரவதையில் மாண்டபோது, பதிவுகளைச் சேமிக்கப் போதிய நினைவகம் இருந்தும், நாள்தோறும் தாமாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவர் கண்டறிந்தார். அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று உச்சநீதிமன்றம், நாட்டின் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா பொருத்தவும், பதிவுகளை 18 மாதங்கள், அது இயலாவிட்டால் குறைந்தது ஓராண்டு, பாதுகாக்கவும் உத்தரவிட்டது. பாதிக்கப்பட்டவருக்கு அப்பதிவைப் பாதுகாக்கச் செய்யும் உரிமையும் அதில் உண்டு. தோழர் ஒருவர் காவல் நிலையத்தில் தாக்கப்பட்டால் மறியலுக்கு ஆள் திரட்டும் அதே நாளில், பதிவைப் பாதுகாக்கக் கோரும் மனுவும் எழுத்துப்பூர்வமாகச் சேர வேண்டும். அதை எழுத வழக்கறிஞர் சங்கத் தோழர்களும், ஹேஷ் எண்ணை எடுத்துத் தர அறிவியல் இயக்கத்தின் இளைஞர்களும் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறார்கள். அவர்களை ஒரே மேசையில் அமர்த்துவது மாவட்டக் குழுக்களின் கையில் இருக்கிறது.