கவர்ல முடி எண்ணாதீங்க, ஸ்கேல் வெச்சு அளங்க!

1/ கொஞ்சம் நீளமான த்ரெட். முடி கொட்டுதுன்னு கவலைப்படறவங்க, முடி வளர எதையாவது காசு குடுத்து வாங்கப் போறவங்க, ரெண்டு பேரும் முழுசா படிச்சுட்டுப் போங்க. நடுவுல நான் செஞ்ச ஒரு தப்பும் இருக்கு.

2/ போன வருஷம் ஓபில ஒரு பொண்ணு. 24 வயசு, ஜவுளிக்கடையில சேல்ஸ் வேலை. "மேடம், முடி ரொம்பக் கொட்டுது"ன்னாங்க. வெளிய இன்னும் எழுபது, எண்பது பேர் நின்னுட்டு இருந்தாங்க. "ஒரு நாளைக்கு நூறு முடி வரைக்கும் கொட்டறது நார்மல்தாம்மா, நல்லா சாப்பிடுங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டேன். ரெண்டு நிமிஷம்கூட ஆகலை.

3/ ஒரு மாசம் கழிச்சு மறுபடி வந்தாங்க. கைப்பையிலிருந்து சின்னச் சின்ன பிளாஸ்டிக் கவரா எடுத்து மேஜையில அடுக்கினாங்க. மொத்தம் 11 கவர். ஒவ்வொண்ணுலயும் ஒரு நாள் கொட்டின முடி, மேல பேனாவால தேதி, எண்ணிக்கை. "நீங்க நூறுன்னு சொன்னீங்கல்ல மேடம், எண்ணிட்டு வந்திருக்கேன்."

4/ 38, 41, 29, 212, 35, 44, 187... இப்படிப் போகுது. 212-ம் 187-ம் தலைக்குக் குளிச்ச நாள். அதைப் பாத்துப் பயந்து, வாரம் ரெண்டு தடவை குளிச்சவங்க பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவைன்னு குறைச்சுட்டாங்க. குளிக்காத நாள் எல்லாம் தலையிலயே தங்கியிருந்த முடி, குளிக்கிற அன்னைக்கு மொத்தமா வரும். அதைப் பாத்து இன்னும் பயம்.

5/ அந்த எண்ணிக்கையால ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆனா அந்தத் தேதிகள் என்னை யோசிக்க வெச்சுது. "எப்பம்மா ஆரம்பிச்சுது? அதுக்கு மூணு மாசம் முன்னாடி என்ன நடந்துச்சு?" முதல் தடவையே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அப்பதான் சொன்னாங்க, மாதவிடாய் 9 நாள் போகுது, ஆறேழு மாசமாவே அப்படித்தான்னு. கண்ணை இழுத்துப் பாத்தேன், வெளிறிப் போயிருந்துச்சு. ஹீமோகுளோபின் 7.1. பெண்களுக்கு 12-க்கு மேல இருக்கணும்.

6/ இரும்புச்சத்துக்கும் முடி கொட்டறதுக்கும் எவ்வளவு நேரடித் தொடர்புன்னு தோல் மருத்துவர்களுக்குள்ள விவாதம் இருக்கு. ஆனா 7.1-க்கு எந்த விவாதமும் இல்லை, அதுக்கு உடனே வைத்தியம் வேணும். மாடிப்படி ஏறினா மூச்சு வாங்கறதை அவங்க "நாள் பூரா நிக்கிற வேலை, அப்படித்தான் இருக்கும்"னு நினைச்சிருக்காங்க. முடிக்காகத்தான் ஆஸ்பத்திரிக்கே வந்தாங்க. நான் ரெண்டு நிமிஷத்துல அனுப்பிட்டேன்.

7/ அதனால இந்த த்ரெட். "முடியெல்லாம் அளந்து பாக்காதீங்க, டென்ஷன்தான் ஆகும்"னு சொல்ற டாக்டர்கள் உண்டு. எனக்கு அதுல உடன்பாடு இல்லை. வீட்டுல பிபி பாக்கறோம், சுகர் பாக்கறோம். முடியையும் பாக்கலாம். ஆனா எதை, எப்படி, எத்தனை நாளைக்கு ஒரு தடவைங்கறது முக்கியம்.

8/ முதல்ல அடிப்படை. தலையில சுமார் ஒரு லட்சம் முடி. ஒவ்வொண்ணும் தனி வட்டத்துல ஓடுது. 2-லிருந்து 6 வருஷம் வளரும், ரெண்டு மூணு வாரத்துல வளர்ச்சி நிக்கும், சுமார் 3 மாசம் ஓய்வுல இருந்துட்டு விழும். எந்த நேரத்திலயும் பத்துல ஒரு பங்கு முடி ஓய்வுலதான் இருக்கும். தினமும் 50-லிருந்து 100 வரை விழறது இந்தக் கணக்குலதான்.

9/ இதுல முக்கியமானது அந்த 3 மாச இடைவெளி. டெங்கு, டைபாய்டு, கோவிட், பிரசவம், ஆபரேஷன், பட்டினி டயட் மாதிரி ஏதாவது வந்தா நிறைய முடி ஒரே நேரத்துல ஓய்வுக்குப் போயிடும். விழறது ரெண்டு மூணு மாசம் கழிச்சு. இதுக்கு டெலோஜன் எஃப்ளூவியம்னு பேரு. இன்னைக்குக் கொட்டற முடிக்குக் காரணம் நேத்து மாத்தின ஷாம்பு கிடையாது.

10/ எனக்கும் நடந்துச்சு. பிரசவம் முடிஞ்சு நாலாவது மாசம், சீப்பு வெச்சா கொத்துக் கொத்தா வந்துச்சு. "ஊர்த் தண்ணி சேரலை"ன்னு அம்மா, "நைட் டூட்டிதான் காரணம்"னு அத்தை. படிச்ச பாடம்தான், ஆனாலும் கண்ணாடி முன்னாடி நின்னப்ப பயமாத்தான் இருந்துச்சு. குழந்தைக்கு ஒரு வயசு ஆகறதுக்குள்ள தானாவே சரியாயிடுச்சு.

11/ இந்த "தானாவே சரியாயிடுச்சு"லதான் பெரிய வியாபாரமே நடக்குது. கொட்டறது உச்சத்துல இருக்கும்போதுதான் நாம எண்ணெய் வாங்குவோம். அடுத்த ரெண்டு மூணு மாசத்துல அது எப்படியும் குறையும். பேரு எண்ணெய்க்குப் போகும். காக்கா உக்கார பனம்பழம் விழுந்த கதைதான். அந்தப் பொண்ணும் 1,800 ரூபாய்க்கு ஒரு பாட்டில் வாங்கித் தேய்ச்சுட்டுதான் இருந்தாங்க. மாசச் சம்பளம் 9,000.

12/ தெரிஞ்சுக்கோங்க: நம்ம நாட்டு மருந்து விதிகள் 1945-ல 'ஜே' அட்டவணைன்னு ஒண்ணு இருக்கு. அதுல இருக்கற பிரச்சனைகளை குணமாக்கறதா எந்த மருந்தும் உரிமை கோரக் கூடாது. அந்தப் பட்டியல்ல வழுக்கையும் புது முடி வளர்றதும் இருக்கு. இனி ரீல்ஸ்ல "30 நாள்ல அடர்த்தியான கூந்தல்"னு பாக்கும்போது இது ஞாபகம் வரட்டும்.

13/ சரி, எப்படி அளக்கறது? நீளம், கொட்டறது, அடர்த்தி மூணும் வேற வேற. நீளம் நல்லா வளர்ந்துட்டே அடர்த்தி குறையலாம். பல பேர் மூணையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கறாங்க.

14/ நீளம்: தலைமுடி மாசத்துக்குத் தோராயமா 1 செ.மீ. வளரும். இஞ்ச் டேப்பைத் தோள் மேல தொங்கவிட்டு முதுகு வரைக்கும் அளந்தா, தலை லேசா சாஞ்சாலே ஒரு செ.மீ. மாறிடும். ஒரு மாச வளர்ச்சியும் அளவுல வர்ற பிழையும் ஒரே அளவு! அப்புறம் எப்படித் தெரியும்? அதனால முழு நீளத்தை அளக்கறவங்க 3 மாசத்துக்கு ஒரு தடவை மட்டும் அளங்க.

15/ இன்னும் துல்லியமா வேணுமா? டை அல்லது மருதாணி போடறவங்களுக்கு அளவுக்கோடு தலையிலயே இருக்கு. டை போட்ட தேதியைக் குறிச்சு வைங்க. 5 வாரம் கழிச்சு, வேர்ல வெள்ளை தெரியற நீளத்தை மி.மீ. ஸ்கேல் வெச்சு அளங்க. 35 நாள்ல 12 மி.மீ. இருந்தா, 12-ஐ 35-ஆல வகுத்து 30-ஆல பெருக்குங்க. மாசத்துக்கு 10.3 மி.மீ. வளருது, நார்மல்.

16/ மொட்டை போட்டவங்களுக்கு இன்னும் சுலபம். பழனிலயோ திருப்பதிலயோ இறக்கின தேதி தெரியும், அன்னைக்கு நீளம் பூஜ்யம். ஒரு மாசத்துல சுமார் 1 செ.மீ. வரும். மொட்டை போட்டா அடர்த்தியா வளரும்ங்கறது மட்டும் உண்மை இல்லை. வெட்டுப்பட்ட நுனி மழுங்கலா இருக்கறதால கைக்குச் சொரசொரன்னு தடிமனாத் தெரியும். வேர் தோலுக்கு உள்ள இருக்கு, கத்தி அதைத் தொடறதில்லை.

17/ டையும் இல்லை, மொட்டையும் இல்லைன்னா: புருவ மத்தியிலிருந்து இஞ்ச் டேப்பை நேரா உச்சந்தலைக்குப் பின்னாடி கொண்டு போங்க. 20 செ.மீ. வர்ற இடத்துல ஒரு சின்னக் கற்றை எடுங்க. அடுத்த தடவையும் அதே இடம். வேர்லிருந்து நுனி வரைக்கும் அளவு. முடி காய்ஞ்சிருக்கணும், ஈர முடி இழுத்தா நீளும். சுருட்டை முடின்னா ஒவ்வொரு தடவையும் நேரா இழுத்துப் பிடிச்சு அளங்க. நடுவுல நுனி வெட்டியிருந்தா எவ்வளவுன்னு எழுதி வைங்க.

18/ "நீளமே கூடலை"ன்னு வர்ற நிறைய பேருக்கு வளர்ச்சி நார்மலா இருக்கும். வேர்ல 3 செ.மீ. வளருது, நுனியில 3 செ.மீ. உடையுது. ஸ்ட்ரெய்ட்னிங், ஈரத்துல சிக்கெடுக்கறது, இறுக்கிக் கட்டறது எல்லாம் காரணம். விழுந்த முடியோட ஒரு முனையில சின்ன வெள்ளை முடிச்சு இருந்தா அது வேரோட விழுந்தது. ரெண்டு பக்கமும் முடிச்சு இல்லைன்னா உடைஞ்சது. இந்த ரெண்டுக்கும் வைத்தியம் வேற.

19/ கொட்டறது: தினமும் எண்ணவே எண்ணாதீங்க. அதுக்குப் பதிலா 60 நொடி சீப்பு சோதனை. ஒரே சீப்பு. தலைக்குக் குளிச்ச மூணாவது நாள் காலையில, மறுபடி குளிக்கறதுக்கு முன்னாடி, வெள்ளைத் துணி விரிச்சு குனிஞ்சு நின்னு, பிடரியிலிருந்து முன்பக்கமா ஒரு நிமிஷம் சீவுங்க. விழுந்ததை எண்ணி எழுதுங்க. மாசம் ஒரு தடவை போதும்.

20/ இந்த எண்ணைப் பக்கத்து வீட்டுக்காரங்களோட ஒப்பிடக் கூடாது. நீள முடி, சுருட்டை முடி, வாரம் ஒரு தடவை குளிக்கறவங்க, எல்லாருக்கும் வேற வேற வரும். போன மாச நீங்க, இந்த மாச நீங்க, அவ்வளவுதான் ஒப்பீடு.

21/ அடர்த்தி: நீள முடி இருக்கறவங்களுக்கு என் பரிந்துரை நூல் அளவு. குதிரைவால் போட்டு, ரப்பர் பேண்டை ஒட்டி ஒரு நூலை ஒரு சுத்து சுத்தி, நூலை ஸ்கேல்ல வெச்சுப் பாருங்க. இதுல ஒரு கணக்கு இருக்கு. சுற்றளவு 9 செ.மீ.லிருந்து 8 ஆனா "ஒரு செ.மீ.தானே"ன்னு தோணும். ஆனா குறுக்குப் பரப்பு வர்க்கத்துல குறையும். 64-ஐ 81-ஆல வகுங்க, 0.79. அஞ்சுல ஒரு பங்கு குறைஞ்சிருக்கு!

22/ ஆண்களுக்கும் குட்டை முடிக்கும் போட்டோ. முன் நெற்றி, ரெண்டு பொட்டு, உச்சி, நடு வகிடு. ஒரே அறை, ஒரே லைட், ஒரே நேரம். தரையில சாக்பீஸ் கோடு போட்டு, எடுக்கறவர் அங்கதான் நிக்கணும். பியூட்டி மோட் ஆஃப், ஜூம் கூடாது. எண்ணெய் இல்லாத காய்ஞ்ச முடி. எண்ணெய் வெச்சா முடி ஒட்டிக்கிட்டு மண்டை அதிகமாத் தெரியும். பல விளம்பரங்கள்ல 'முன்பு' படத்துக்கும் 'பின்பு' படத்துக்கும் இருக்கற வித்தியாசமே இதுதான்: லைட்டு, எண்ணெய், வகிடு.

23/ போட்டோவும் 3 மாசத்துக்கு ஒரு தடவைதான். தினமும் கண்ணாடியில பாக்கற கண்ணுக்கு மெதுவான மாற்றம் தெரியாது. நல்லதா இருந்தாலும் சரி, கெட்டதா இருந்தாலும் சரி.

24/ இந்தக் கணக்கு வைத்தியத்துலயும் உதவும். மினாக்ஸிடில் ஆரம்பிச்ச முதல் ரெண்டு மாசத்துல சிலருக்குக் கொட்டறது அதிகமாகும். பழைய முடி விழுந்து புதுசு கிளம்பற கட்டம் அது. "இது எனக்கு ஒத்துக்கலை"ன்னு அங்கேயே விட்டுடறாங்க. பலன் இருக்கா இல்லையான்னு சொல்லவே 4-லிருந்து 6 மாசம் வேணும். முதல் நாள் போட்டோ இல்லாதவங்களுக்கு ஆறாவது மாசம் நான் எதை வெச்சுப் பதில் சொல்றது? (கர்ப்பிணிகள், பால் குடுக்கற அம்மாக்கள் இதைத் தானா வாங்கிப் போடக் கூடாது.)

25/ இன்னொண்ணு, பயோட்டின். முடிக்குன்னு விக்கற கம்மி, மாத்திரைகள்ல அதிக டோஸ்ல இருக்கும். தைராய்டு ரிசல்ட்டைத் தப்பாக் காட்டும். மாரடைப்புக்குப் பாக்கற ட்ரோபோனினையும் குறைச்சுக் காட்டலாம். அமெரிக்க எஃப்டிஏ 2017-லயே எச்சரிச்சுது. ரத்தம் குடுக்கறதுக்கு முன்னாடி இதை டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க.

26/ எதையும் அளக்காம நேரா வர வேண்டியவங்க: காசு அளவுக்கு வட்டமா முடி போனவங்க (புழுவெட்டு), வலி, சீழ், செதில் இருக்கறவங்க, முடி போன இடம் வழவழன்னு பளபளக்கறவங்க, முடி கொட்டறதோட மாதவிடாய் தள்ளிப்போய் முகத்துல முடி வளர்றவங்க. குழந்தைத் தலையில செதிலோட முடி உடைஞ்சா படர்தாமரையா இருக்கலாம். அதுக்கு எண்ணெய் பத்தாது, உள்ளுக்கு மருந்து வேணும்.

27/ எண்ண ஆரம்பிச்சா நிறுத்த முடியலை, தூக்கம் போகுதுன்னா சீப்பு சோதனையையும் விட்டுடுங்க. 3 மாச போட்டோவை வேற யாராவது எடுக்கட்டும். அதையும் சொல்லத் தயங்காதீங்க, அதுவும் டாக்டர்கிட்ட சொல்ல வேண்டிய விஷயம்தான்.

28/ அந்தப் பொண்ணுக்கு மகப்பேறு பிரிவுல காட்டி ரத்தப்போக்குக்கு வைத்தியம், டிரிப்ஸ்ல இரும்புச்சத்து. எல்லாமே ஜிஹெச்ல இலவசம். மூணு மாசத்துல ஹீமோகுளோபின் 10.8. சீப்பு சோதனை 46-லிருந்து 14. இப்ப ஒரு சின்ன நோட்டுதான் கொண்டு வர்றாங்க, மாசத்துக்கு ஒரு வரி. போன தடவை "மேடம், மாடிப்படி ஏறினா இப்ப மூச்சு வாங்கலை"ன்னாங்க. முடியைப் பத்தி நான்தான் கேட்டேன். (அவங்க அனுமதியோட, அடையாளம் மாத்தி எழுதியிருக்கேன்.)

29/ சுருக்கமா: நீளம், நூல் அளவு, போட்டோ 3 மாசத்துக்கு ஒரு தடவை. சீப்பு சோதனை மாசம் ஒரு தடவை. பக்கத்துலயே காய்ச்சல், டயட், மாதவிடாய், புது மருந்து எல்லாம் தேதியோட. அந்த நோட்டை எடுத்துட்டு பக்கத்து அரசு ஆஸ்பத்திரி தோல் நோய் பிரிவுக்கு வாங்க. கையில ஒரு அளவும் இல்லாம எந்த எண்ணெய்க்கும் 1,800 ரூபாய் குடுக்காதீங்க.

30/ என்னை மாதிரி ஓபில உக்கார்ற டாக்டர்களுக்கு ஒரு வார்த்தை. "முடி கொட்டுது"ன்னு யாராவது வந்தா கண்ணை ஒரு தடவை இழுத்துப் பாருங்க. மூணு மாசம் முன்னாடி என்ன நடந்துச்சுன்னு கேளுங்க. எனக்கு அது ஒரு மாசம் லேட்டாத்தான் தோணுச்சு.

உபயோகமா இருந்தா ஷேர் பண்ணுங்க. சந்தேகம் இருந்தா கமெண்ட்ல கேளுங்க, டூட்டி முடிஞ்சு வந்து பதில் சொல்றேன்.