ஆசான் கையிலேயே அத்தனையுமா?

2023 மார்ச்சில் சென்னை கலாக்ஷேத்திராவில், பாலியல் தொல்லைக்கு நீதி கேட்டு மாணவ மாணவியர் வளாகத்திலேயே அமர்ந்து போராடினர். குறை கேட்க நாதியிருந்தால் போராட்டம் ஏன்? கலைக்கூடத்தில் ஆசான் சொல்லே சட்டம். மதிப்பெண்ணும் மேடையும் அவர் கையில். அவர்மீது யாரிடம் முறையிடுவது?

100 மாணவரேனும் படிக்கும் கல்விக்கூடம் ஒவ்வொன்றும், பயிற்சி பெற்ற மனநல ஆலோசகரையோ உளவியலாளரையோ சமூகப் பணியாளரையோ அமர்த்த வேண்டுமென 2025 ஜூலையில் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. வரவேற்கிறோம். ஆனால், பெயர்ப்பலகை மாட்டிய அறை மட்டும் போதாது. ஆலோசகர் நிர்வாகத்தின் ஒற்றராகக் கூடாது. முறையிட்டவர் பழிவாங்கப்படக் கூடாது.

செல்வர் வீட்டுப் பிள்ளைக்குத் தனி மருத்துவர் உண்டு. நெசவாளி வீட்டுப் பெண்ணுக்குக் கல்லூரி தருவதே கதி. தோழர்களே, நம் பிள்ளைகள் படிக்குமிடத்தில் கேளுங்கள்: ஆலோசகர் எங்கே? அவர் யாருக்குக் கட்டுப்பட்டவர்?