வண்ணம் அடித்தால் துரு போய்விடுமா?

ரயில் நிலைய வாசலில் பீடமேற்றி நிறுத்தி வைத்திருக்கிறார்களே கரி எஞ்சின், அதை அருகில் போய்ப் பார்த்ததுண்டா? தூரத்தில் நின்றால் மாப்பிள்ளை போல மினுக்குகிறது. கறுப்பு வண்ணம், சிவப்புக் கோடு, சுற்றிலும் பூச்செடி. கிட்டே போய் விரலால் தட்டிப் பாருங்கள். பல எஞ்சின்களில் வண்ணத்துக்குப் பின்னால் இரும்பு இல்லை, துருதான் இருக்கிறது.

இந்தக் கேடு எப்படி வந்தது? லோகோ ஷெட்டில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். பாய்லரின் சூடு வெளியே போகாமலிருக்கச் சுற்றிலும் கல்நார் உறை, அதன்மேல் தகடு. தகட்டின் இடுக்கில் இறங்கும் மழைநீர் அந்த உறையில் ஊறி நிற்கிறது. ஈரச் சாக்கைச் சுற்றிவைத்த இரும்பு என்ன ஆகும்? புகைபோக்கிக்கோ மூடி கிடையாது. உள்ளே விழும் தண்ணீர், வாரி எறியாமல் விட்ட கரிச் சாம்பலோடு சேர்கிறது. சாம்பலிலுள்ள கந்தகம் அமிலமாகி எஃகைத் தின்கிறது. உள்ளே இவ்வளவும் நடக்க, வெளியே என்ன நடக்கிறது? விழா வருகிறது, அதிகாரி வருகிறார், இன்னொரு பூச்சு பெயிண்ட்!

'இதைச் சீர்செய்ய ஆளில்லை, அந்தத் தொழில் செத்துவிட்டது' என்கிறார்கள். உண்மையா? 1855-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கட்டிய 'ஃபேரி குயின்' எஞ்சினை 1997-ல் மறுபடி ஓடவைத்தது யார்? பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் தொழிலாளி! 2011-ல் அதன் பாகங்களைத் திருடர்கள் கழற்றிக்கொண்டு போனபோதும் அதே பெரம்பூருக்குத்தான் வந்தது. அதே ஆண்டில் பிறந்த 'எக்ஸ்பிரஸ்' எஞ்சின் நூறாண்டுக்கு மேல் காட்சிப் பொருளாகக் கிடந்தது. 2010-ல் அதற்கும் பெரம்பூர்க்காரன்தான் உயிர் கொடுத்தான். பொன்மலைப் பணிமனை 2011 முதல் நீலகிரி மலை ரயிலுக்குப் புதிய நீராவி எஞ்சின்களையே கட்டித் தந்திருக்கிறது. கை இருக்கிறது, தொழில் இருக்கிறது. உத்தரவுதான் இல்லை.

தோழர் ஒருவர் கேட்டார்: "வேலையில்லாமல் இளைஞன் தெருவில் நிற்கிறான், வெள்ளைக்காரன் விட்டுப்போன இரும்புக்குக் கூரை கேட்கிறீரே?" நியாயமான கேள்விதான். ஆனால் எல்லாம் வெள்ளைக்காரன் இரும்பா? சித்தரஞ்சன் ஆலை 1950 முதல் 1972 வரை 2351 நீராவி எஞ்சின்களைக் கட்டியது. அது நம் தொழிலாளியின் கைவேலை. அந்த எஞ்சின்களின் நெருப்புக்கு முன்னால் நின்று கரி வாரிப் போட்டவனும் நம் ஆள். 1946 செப்டம்பர் 5-ல் பொன்மலையில் குண்டடிபட்டுச் செத்த ஐந்து பேரும் ரயில்வேத் தொழிலாளிகளே. அவர்கள் உழைத்த உழைப்பு எப்படிப்பட்டது என்பதைப் பேரனுக்குக் காட்ட, எஞ்சினைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

இங்கிலாந்துக்கு அண்டையிலுள்ள வேல்ஸ் நாட்டில் பாரி என்றொரு துறைமுக ஊர். அங்கே உடைப்பதற்காக வாங்கிப் போட்ட எஞ்சின்கள் 297. உப்புக் காற்றில் ஆண்டுக்கணக்காக நின்றன. பித்தளையும் செம்பும் போய்விட்டன. 1968 முதல் சாதாரண மக்கள் சங்கம் சேர்ந்து, காசு திரட்டி, ஒவ்வொன்றாக மீட்டார்கள். 213 தப்பின! ஆனாலும் அவற்றில் சில இன்றுவரை ஓடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மீட்பது வேறு, காப்பது வேறு.

ஆகவே எல்லாவற்றையும் காப்பாற்று என்று நான் கூப்பாடு போடவில்லை. நூறு எஞ்சினை மழையில் நிறுத்தி அழுகவிடுவதைவிடப் பத்தைக் கூரைக்கடியில் வைப்பது மேல். உளுத்துப் போனவற்றின் நல்ல பாகங்களை எடுத்து அந்தப் பத்துக்குக் கொடுக்கலாம். கல்நார் உறையைப் பிரிக்கும்போது மட்டும், முகமூடியும் தக்க பாதுகாப்பும் தராமல் ஒப்பந்தக் கூலியை ஏவிவிடக் கூடாது. அந்தத் தூசு நுரையீரலைக் கொல்லும். இதில் சங்கம் கண் வைக்க வேண்டும்.

அகலப் பாதையில் நீராவி ஓட்டம் 1995-ல் நின்றது. அன்று முப்பது வயதிலிருந்த பயர்மேன் இன்று ஓய்வுபெற்று வீட்டில் இருக்கிறார். அவரையும் அவர் காலத்துப் பாய்லர் பிட்டரையும் அழைத்து, பக்கத்தில் நாலு அப்ரண்டிஸ் பையன்களை நிறுத்தினால் தொழில் கைமாறும். அதற்குத் திட்டம் தீட்டட்டும். ஆனால் சாம்பலை வாரவும், புகைபோக்கிக்கு ஒரு தகர மூடி போடவும் எந்தத் திட்டம் வேண்டும்? ஐப்பசி மழைக்கு முன்பே ஒரே நாளில் செய்யலாமே!