பச்சையாகிப்போன நீச்சல் தொட்டி: கொட்டுவதா, தெளிய வைப்பதா?

மே மாதம், பள்ளி விடுமுறை. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பிள்ளைகளுக்குக் கடல் கூப்பிடு தூரம்தான். ஆனால், கருங்கல் கொட்டிய கரையும் அலையின் இழுப்பும் தெரிந்த வீடுகளில் 'கடல்ல இறங்கக் கூடாது' என்பதுதான் முதல் உத்தரவு. அதற்குப் பதிலாக ஆன்லைனில் வாங்கிய காற்றடைக்கும் நீச்சல் தொட்டி வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது.

முதல் நாள் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். நான்காம் நாள் லேசான பச்சை. ஒரு வாரத்தில் கால் வைத்தால் வழுக்கும், அடி தெரியாது. 'கொட்டிடு' என்பார் அம்மா. 'லாரித் தண்ணி என்ன விலைன்னு தெரியுமா?' என்பார் அப்பா. 'படிகாரத்தைப் போடு, தெளிஞ்சிரும்' என்பார் பாட்டி. மூன்று பேர் சொல்வதிலும் பாதி சரி. எந்தப் பாதி என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

190 குடம் தண்ணீர்

முதலில் கணக்கு. 8 அடி விட்டமுள்ள வட்டத் தொட்டியில் 2 அடி உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பினால் ஏறக்குறைய 2,850 லிட்டர் பிடிக்கும். ஒரு குடம் 15 லிட்டர் என்று வைத்தால் 190 குடம்! 2019 ஜூனில் ஏரிகள் வறண்டு, குடத்தோடு இரவெல்லாம் லாரிக்குக் காத்திருந்த நகரம் இது. 190 குடத்தை வாரம் ஒருமுறை சாக்கடையில் கொட்ட யாருக்கும் மனசு வராது.

இதே கணக்கில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. 2,850 லிட்டர் என்றால் 2,850 கிலோ எடை. ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தர நிர்ணயம் வைத்திருக்கும் கணக்கு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. 2 அடி தண்ணீரோ சதுர மீட்டருக்கு 600 கிலோ. நான்கு மடங்கு! பொறியாளரைக் கேட்காமல் இந்தத் தொட்டியை மாடியில் வைக்கவே கூடாது. இடம் தரைதான்.

ஏன் பச்சை?

பச்சை நிறத்துக்குப் பெரும்பாலும் காரணம் பாசி. கண்ணுக்குத் தெரியாத அளவில் காற்றிலும் தூசியிலும் காலில் ஒட்டிய மண்ணிலும் அது வந்து சேர்கிறது. வெயில், வெதுவெதுப்பான தண்ணீர், பறவை எச்சமும் வியர்வையும் தரும் சத்து ஆகிய மூன்றும் கிடைத்தால் மளமளவென்று பெருகும்.

'குழாய்த் தண்ணியில குளோரின் இருக்குமே?' என்று கேட்கலாம். இருக்கும். ஆனால், திறந்த தொட்டியில் அது நிற்காது. உச்சி வெயிலில் குளோரினில் பாதி ஒரு மணி நேரத்துக்குள் சிதைந்துவிடும். காலையில் நிரப்பிய தண்ணீரில் மாலைக்குள் காவல்காரர் இருக்க மாட்டார். பாசிக்குக் கதவு திறந்துவிடும்.

இது ஏழை, பணக்காரத் தொட்டி பார்க்காது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் டைவிங் குளம் ஒரே நாளில் பச்சையானதை உலகமே டி.வி-யில் பார்த்தது. ஆரம்பத்தில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கடைசியில் தெரிந்தது இதுதான்: போட்டிகள் தொடங்கும் முன் ஆகஸ்ட் 5-ம் தேதி 80 லிட்டர் ஹைட்ரஜன் பெராக்சைடைக் குளத்தில் ஊற்றியிருக்கிறார்கள். தனியாக இருந்தால் அதுவும் கிருமிநாசினிதான். ஆனால், குளோரினோடு சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று செயலிழக்கச் செய்துவிடும். குளோரின் போனது, பாசி வந்தது. பக்கத்துக் குளத்தின் தண்ணீரையே வெளியேற்றிவிட்டு, பயிற்சிக் குளத்திலிருந்து புதுத் தண்ணீரைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. மருந்து குறைந்ததால் அல்ல, தெரியாமல் இரண்டைக் கலந்ததால் வந்த வினை.

சின்னத் தொட்டியா? வைத்தியம் வேண்டாம்

300 லிட்டருக்குள் பிடிக்கும் குழந்தைத் தொட்டி என்றால் மருந்துக் கணக்கே தேவையில்லை. பச்சைத் தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றுங்கள், கழிப்பறைக்குப் பயன்படுத்துங்கள். தொட்டியைத் தேய்த்துக் கழுவி, ஒரு நாள் வெயிலில் காயவிட்டு அடுத்த நாள் நிரப்புங்கள். குளோரின் போடாத பாசித் தண்ணீர் செடிக்குக் கெடுதல் செய்யாது.

பெரிய தொட்டி என்றால்தான் தெளிய வைக்கும் வேலை. அதற்கும் வரிசை இருக்கிறது. வரிசை மாறினால் மருந்தும் வீண், உழைப்பும் வீண்.

தெளிய வைக்கும் வரிசை

1. முதலில் தேய்க்க வேண்டும். இலை, குப்பையை வலையால் அள்ளுங்கள். பக்கச் சுவரையும் அடியையும் மென்மையான பிரஷ்ஷால் தேயுங்கள். சுவரில் ஒட்டிய பாசி மேல் ஒரு வழவழப்பான படலம் இருக்கும். அதைக் கிளறாமல் மருந்து போட்டால் மேலே இருப்பது சாகும், அடியில் இருப்பது பிழைத்துக்கொள்ளும்.

2. பி.ஹெச் பார்க்க வேண்டும். நீச்சல் குளத்துக்கான சோதனைப் பட்டை ஆன்லைனில் கிடைக்கிறது. அளவு 7.2 முதல் 7.8-க்குள் இருக்க வேண்டும். 8-ஐத் தாண்டினால் போடும் குளோரினில் பெரும்பகுதி வீரியமில்லாத வடிவத்துக்கு மாறிவிடும். 'எவ்வளவு பவுடர் போட்டும் பச்சை போகலை' என்ற புலம்பலுக்கு இது முக்கியக் காரணம். பி.ஹெச் அதிகமென்றால் நீச்சல் குளங்களுக்கென்றே விற்கும் பி.ஹெச் குறைக்கும் பவுடரை, அட்டையில் உள்ள அளவுப்படி தனியாகக் கரைத்து ஊற்றுங்கள். சில மணி நேரம் கழித்து மறுபடியும் பட்டையில் பார்த்த பிறகே குளோரின்.

3. மாலையில் குளோரின். வெயில் தாழ்ந்த பிறகு போட்டால்தான் இரவு முழுக்க வேலை செய்யும். பச்சையான தண்ணீருக்கு லிட்டருக்கு 10 மில்லிகிராம் அளவுக்குக் குளோரின் தேவை. நல்ல, புதிய ப்ளீச்சிங் பவுடரில் 33 சதவிகிதம் குளோரின் இருக்கும். அந்தக் கணக்கில் 1,000 லிட்டருக்கு 30 கிராம். நம்முடைய 2,850 லிட்டர் தொட்டிக்கு 85 கிராம். ஈரம் பட்டு, பொட்டலம் திறந்து பல மாதமான பவுடரில் வீரியம் இருக்காது. அது வெறும் சுண்ணாம்புக்குச் சமம்.

பவுடரை நேரடியாகத் தொட்டியில் தூவக் கூடாது. பிளாஸ்டிக் பக்கெட்டில் முதலில் தண்ணீர், பிறகு பவுடர். குச்சியால் கலக்கி 10 நிமிடம் தெளிய விடுங்கள். மேலே நிற்கும் தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றுங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பையும் சேர்த்து ஊற்றினால் பச்சை போய் வெள்ளைக் கலங்கல் வந்துவிடும். கையுறை அவசியம். வேலையைத் திறந்தவெளியில்தான் செய்ய வேண்டும்.

4. இப்போது பாட்டியின் படிகாரம். காலையில் தண்ணீர் பச்சையிலிருந்து சாம்பல் கலந்த வெள்ளைக்கு மாறியிருந்தால் பாசி செத்துவிட்டது என்று பொருள். இன்னும் பச்சையாகவே இருந்தால் அன்று மாலை மறுபடியும் ஒருமுறை தேய்த்து, குளோரின் போட வேண்டும். செத்த பாசி தானாக அடியில் தங்காது, மிதந்துகொண்டே இருக்கும். அதைத் திரட்டி இறக்குவதுதான் படிகாரத்தின் வேலை. 1,000 லிட்டருக்கு 30 கிராம் போதும். கரைத்து ஊற்றி, மெதுவாகக் கலக்கி, இரவு முழுக்க அசைக்காமல் விடுங்கள்.

பாட்டி சொன்னதில் பாதி சரி என்றது இதனால்தான். படிகாரமும், மண்பானையில் உரசும் தேத்தாங்கொட்டையும் கலங்கலை இறக்கும். கிருமியையும் பாசியையும் கொல்லாது. குளோரின் கொல்லும், கலங்கலை இறக்காது. இரண்டும் வேண்டும், ஒன்றன்பின் ஒன்றாக.

5. அடிவண்டலை உறிஞ்ச வேண்டும். ஒரு ஹோஸ் குழாயை அடியில் வைத்து வண்டலை மட்டும் வெளியேற்றுங்கள். போவது பத்துக் குடத்துக்குள்தான் இருக்கும். மீதியெல்லாம் மிச்சம்.

6. உடனே பிள்ளைகளை இறக்கக் கூடாது. பட்டையில் குளோரின் 1 முதல் 3 பி.பி.எம்-முக்குள் இறங்கிய பிறகு, அடி தெளிவாகத் தெரிந்த பிறகுதான் அனுமதி. அடி தெரியாத தண்ணீரில் மூழ்கிய குழந்தையும் தெரியாது. தெளிவு என்பது இங்கே அழகுக்காக அல்ல. தெளிந்த தொட்டி என்றாலும் பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

பழுப்பானால் பயப்படாதீர்கள்

குளோரின் போட்டதும் தண்ணீர் பழுப்பாக மாறினால், போர் தண்ணீரில் இரும்புச்சத்து இருக்கிறது என்று பொருள். குளோரின் பட்டதும் அது துருவாகப் பிரிகிறது. படிகாரம் போட்டுத் தெளிய விட்டால் அதுவும் அடியில் இறங்கிவிடும்.

ஆசிட் பக்கத்தில் வரவே கூடாது

2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தபோது, கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாக மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியதை இந்தப் பகுதி மறக்கவில்லை. வாயு என்றால் என்ன என்று இங்கே யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம். ஆனால், அதற்குச் சளைக்காத ஒரு வாயுவை நம் வீட்டு பக்கெட்டிலேயே தயாரித்துவிட முடியும் என்பது பலருக்குத் தெரியாது.

ப்ளீச்சிங் பவுடரோடு பாத்ரூம் ஆசிட் கலந்தால் குளோரின் வாயு வரும். நுரையீரலைப் புண்ணாக்கும். 'கறை சீக்கிரம் போகட்டும்' என்று இரண்டையும் சேர்த்து ஊற்றுவதுதான் வீடுகளில் நடக்கும் பெரிய தப்பு. ஆசிட் கழுவிய பக்கெட், மக் கூட வேண்டாம். குளத்துக்கென்று விற்கும் குளோரின் மாத்திரையையும் ப்ளீச்சிங் பவுடரையும் ஒரே டப்பாவில் போடக் கூடாது, தீப்பிடிக்கும். தப்பித் தவறிக் கலந்து நெடி ஏறினால், பக்கெட்டைக் காப்பாற்ற நிற்காமல் எல்லோரும் காற்றோட்டமான இடத்துக்கு ஓடிவிட வேண்டும். இருமல் நிற்காவிட்டால் உடனே மருத்துவமனை.

குடிக்கிற தண்ணீருக்கு வேறு சட்டம்

குளிக்கிற தண்ணீரைக் காப்பாற்றலாம். குடிக்க, சமைக்க வைத்திருக்கும் சின்டெக்ஸ் டேங்க் பச்சையானால் காப்பாற்ற நினைக்கக் கூடாது. சிலவகைப் பாசிகள் நஞ்சை உண்டாக்கும். தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. அந்தத் தண்ணீர் கழிப்பறைக்கும் வாசல் கழுவவும் போகட்டும். டேங்க்கைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பி, 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் ப்ளீச்சிங் பவுடரை மேலே சொன்னபடி தெளிய வைத்து ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம். 30 கிராமுக்கும் 2.5 கிராமுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். நீச்சல் தொட்டியின் அளவைக் குடிநீர் டேங்க்கில் போட்டுவிடக் கூடாது.

டேங்க் ஏன் பச்சையானது என்றும் பாருங்கள். உடைந்த மூடி, வெளிச்சம் ஊடுருவும் மெல்லிய சுவர் இரண்டில் ஒன்றாக இருக்கும். வெளிச்சம் போகாத இடத்தில் பாசி வளராது. மூடியை மாற்றினால் மலேரியா கொசுவுக்கும் சேர்த்தே கதவு அடைபடும். தரைக்கடியில் இருக்கும் சம்ப்பைச் சுத்தம் செய்ய மட்டும் யாரையும் உள்ளே இறக்கிவிடாதீர்கள். மூடிக்கிடந்த சம்ப்பில் மூச்சுவிடக் காற்று இருக்காமல் போகலாம். நீளக் கைப்பிடி பிரஷ்ஷும் மோட்டாரும் போதும்.

இந்தத் தண்ணீருக்கு மருந்தே இல்லை

வடசென்னைக்கென்று ஒரு கூடுதல் பாடம் இருக்கிறது. 2013-ல் தண்டையார்பேட்டையில் போர் தண்ணீரில் எரிபொருள் நெடி அடித்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர், எர்ணாவூர் பக்கம் வீடுகளுக்குள் புகுந்தது. அப்படிப்பட்ட தண்ணீருக்குக் குளோரினும் படிகாரமும் உதவாது. மேலே வானவில் நிறத்தில் படலம் தெரிந்தாலோ, பெட்ரோல், டீசல் நெடி அடித்தாலோ, எத்தனை குடமாக இருந்தாலும் அது பிள்ளைகள் குளிக்கும் தண்ணீர் அல்ல. செடிக்கும் வேண்டாம். மெட்ரோ வாட்டர் அலுவலகத்துக்கும் மாநகராட்சிக்கும் புகார் கொடுங்கள்.

மறுபடியும் பச்சையாகாமல் இருக்க...

விளையாடி முடித்ததும் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். வெயிலும் போகாது, தூசியும் விழாது, கொசுவும் முட்டையிடாது. மூடிய தார்ப்பாய் மேல் பிள்ளைகள் ஏறாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டிக்குள் இறங்கும் முன் கால் கழுவிவிட்டு இறங்கச் சொல்லுங்கள். மாலைதோறும் பட்டையில் பார்த்து, குளோரின் 1-க்குக் கீழே போனால் 2,850 லிட்டருக்கு 15 கிராம் பவுடர் கரைத்து ஊற்றுங்கள். மறுநாள் பிள்ளைகளை இறக்கும் முன்பும் ஒருமுறை பட்டையில் பாருங்கள். விடுமுறை முடிந்து காலி செய்யும்போது, இரண்டு நாள் குளோரின் போடாமல் வெயிலில் திறந்து வைத்து, ஆள் காவலோடு விட்டால் மருந்து போய்விடும். பிறகு அந்த 190 குடமும் வீடு கழுவ, கழிப்பறைக்கு, செடிகளுக்கு என்று ஒரு வாரத்துக்கு வரும்.

அம்மா, அப்பா, பாட்டி மூன்று பேருக்கும் தீர்ப்பு இதுதான்: குடிக்கிற தண்ணீர் பச்சையானால் அம்மா சொல்வது சரி. குளிக்கிற தண்ணீர் என்றால் அப்பா சொல்வது சரி. பாட்டி சொல்வதும் சரிதான், ஆனால் குளோரினுக்கு அடுத்த நாள்!