வளர்த்தால் மட்டும் போதுமா?

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். நாயைப் பற்றி எழுதப் போகிறேன் என்றேன். அறைத் தோழன் விழுந்து விழுந்து சிரித்தான். "டேய், வேலையில்லாத் திண்டாட்டம், வரதட்சணை, தேசிய ஒருமைப்பாடுன்னு எவ்வளவு தலைப்பு இருக்கு! உனக்கு நாய்தான் கிடைச்சுதா?" என்றான். ஆமாம் நண்பர்களே, நாய்தான். ஏனென்றால் போன வருஷம் ஒரு நாயை நான் கிட்டத்தட்ட கொன்றுவிட்டேன். அதுவும் பாசத்தால்!

நம் ஹாஸ்டலில் 'டீசலை'த் தெரியாதவர் கிடையாது. பாதி லாப்ரடார், பாதி தெரு. நான் முதலாமாண்டு சேர்ந்த புதிதில் உடம்பெல்லாம் சொறியோடு வந்து சேர்ந்தது. யாரோ ஒரு புண்ணியவான் சொறிக்கு மருந்து என்று எஞ்சினில் இருந்து வடித்த வேஸ்ட் ஆயிலைத் தலை முதல் வால் வரை பூசியிருந்தார். அதுவும் சரிப்படாமல் ரோட்டில் விட்டிருக்க வேண்டும். அந்த நாற்றத்தால்தான் அந்தப் பெயர். (இந்த வைத்தியம் நம் ஊர்ப்பக்கம் இன்றும் நடக்கிறது. சொறி என்பது பெரும்பாலும் தோலுக்குள் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத உண்ணியால் வருவது. ஆயிலை நாய் நக்கித் தின்றுவிடும். உண்ணியைவிட நாய்க்குத்தான் அது விஷம்.) ஒரு சீனியர் அண்ணன் டாக்டரிடம் காட்டி ஊசி போட்டு வந்தார். ஒரு மாதத்தில் முடி முளைத்து டீசல் ராஜா மாதிரி ஆகிவிட்டது.

அதன் பிறகு என்ன? மெஸ்ஸில் மிஞ்சியதெல்லாம் டீசலுக்கே! எண்ணெய் வழியும் பூரி, ஞாயிற்றுக்கிழமை கோழி எலும்பு, வெங்காயம் மிதக்கும் குருமா. வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்பதும், வெந்த கோழி எலும்பு ஊசி ஊசியாக உடைந்து குடலைக் குத்தும் என்பதும் அன்று எங்களில் ஒருவனுக்கும் தெரியாது. ஆளுக்கொரு வாய் போட்டுவிட்டு, "பாரு, என்கிட்டதான் வாலாட்டுது" என்று பெருமை வேறு!

போன டிசம்பரில் ஒரு நாள் காலை டீசல் எழுந்திருக்கவில்லை. பின்னங்கால் இரண்டும் விறைத்துப்போய், முன்னங்காலால் இழுத்து இழுத்து நடந்தது. கிரிக்கெட்டில் அடிபட்டபோது நான் வாங்கிய இபுப்ரூபன் மாத்திரை பெட்டியில் மீதி இருந்தது. மனுஷனுக்கு வலி போகும் என்றால் நாய்க்குப் போகாதா? பன்னுக்குள் வைத்துக் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. மூன்று நாள் கொடுத்தேன். நாலாம் நாள் வாந்தி, அதில் ரத்தம். மலம் தார் மாதிரி கறுப்பு.

மெஸ்ஸுக்குக் காய்கறி கொண்டுவரும் லோடு ஆட்டோவில் கோணிப்பை விரித்துப் படுக்கவைத்து, அரசு கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "என்ன மாத்திரை குடுத்தீங்க தம்பி?" என்பதுதான். சொன்னேன். "என்ன படிக்கிறீங்க?" என்றார். "டிப்ளமோ மெக்கானிக்கல் சார்." "டீசல் எஞ்சின்ல பெட்ரோல் ஊத்துவீங்களா?" நாயின் பெயர் அவருக்குத் தெரியாது. எனக்குச் சிரிப்பும் வரவில்லை, பேச்சும் வரவில்லை.

இபுப்ரூபன் நாயின் வயிற்றில் புண்ணாக்கி ரத்தம் கசிய வைக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பூனை விஷயம் இன்னும் மோசம். நாம் தலைவலிக்குப் போடும் பாரசிட்டமாலை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்குப் போதாது. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும். வீட்டில் பூனை வளர்ப்பவர்கள் இந்த ஒரு வரியை அம்மாவிடமும் பாட்டியிடமும் சொல்லிவிடுங்கள். மீதிக் கட்டுரையைப் படிக்காவிட்டாலும் பரவாயில்லை!

ஐந்து நாள் சலைன் ஏற்றிய பிறகு டீசல் பிழைத்தது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் தெரிந்தது, இடுப்பு மூட்டில் கோளாறு. தொடை எலும்பின் பந்து இடுப்புக் கிண்ணத்தில் இறுக்கமாக உட்காராமல் லொடலொடவென்று ஆடுகிறது. நம் பாஷையில் சொன்னால் கிளியரன்ஸ் ஜாஸ்தி. லோடு ஏற ஏறத் தேய்மானம் அதிகமாகும். பேரிங் தேய்ந்தால் கழற்றி வேறு போடலாம். எலும்பு முனையில் இருக்கும் குருத்தெலும்பு தேய்ந்தால் தேய்ந்ததுதான், தானாக வளராது. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு மாதிரிப் பெரிய ஜாதிகளில் இது பரம்பரையாகவே வரும் என்றார் டாக்டர். பிறவியிலேயே வந்ததை நாம் என்ன செய்ய முடியும் என்று கேட்டேன். "வெயிட்டைக் குறைக்கலாமே!" என்றார். தராசில் ஏற்றினோம். 38 கிலோ! அந்த உயரத்துக்கு 28, 30 கிலோ போதுமாம். மிச்சம் எட்டுப் பத்துக் கிலோவும் நாங்கள் போட்ட பூரி.

அமெரிக்காவில் 48 லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்குப் போடுவதைவிடக் கால் பங்கு குறைவாக மற்றதற்குக் கொடுத்து, ஆயுசு முழுக்கக் கவனித்திருக்கிறார்கள். முடிவு 2002-ல் வெளியானது. குறைவாகத் தின்றவை ஏறக்குறைய இரண்டு வருஷம் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுவலியும் அவற்றுக்குப் பல வருஷம் தள்ளித்தான் வந்தது. இதற்கு மருந்து செலவு எவ்வளவு? ஒரு பைசா கிடையாது. தட்டில் போடுவதைக் குறைத்தால் போதும். நாம் செய்வதோ நேர்மாறு. குட்டி சீக்கிரம் பெரிசாகணும் என்று வயிறு வெடிக்கத் தீனி போட்டு, அதற்கு மேல் கால்சியம் டானிக்கும் ஊற்றுகிறோம். பெரிய ஜாதிக் குட்டிகளுக்கு அளவுக்கு மீறிய கால்சியம் எலும்பு வளர்ச்சியையே கோணலாக்கிவிடும். போதாக்குறைக்கு வீடு முழுக்க வழுக்கும் டைல்ஸ். ஒவ்வொரு முறை எழும்போதும் நாலு காலும் நாலு பக்கம் போகிறது. இரண்டு கோணிப்பை விரித்தால் தீர்ந்துபோகிற பிரச்சனை இது.

பிரேக்டவுன் மெயின்டனன்ஸ், பிரிவென்டிவ் மெயின்டனன்ஸ் என்று வித்தியாசம் எழுதிப் பரீட்சையில் மார்க் வாங்குகிறோம். லேத்துக்கு தினமும் ஆயில் விடுகிறோம், விடாவிட்டால் இன்ஸ்ட்ரக்டர் விரட்டுவார். நாய் மட்டும் படுத்த பிறகுதான் நம் கண்ணுக்குத் தெரிகிறது! மாடிப்படி ஏறத் தயங்குவது, எழுந்ததும் நாலு அடி விறைப்பாக நடப்பது, பூனையாக இருந்தால் வழக்கமாகத் தாவுகிற சுவரைச் சுற்றிப் போவது, இதெல்லாம் முன்கூட்டியே வரும் சத்தங்கள். எஞ்சினில் வந்தால் காதில் விழுகிறது, இதில் விழவில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு ஹஸ்கியும் செயின்ட் பெர்னார்டும் எதற்கு? பனியில் சறுக்குவண்டி இழுக்கப் பிறந்ததை மொட்டைமாடியில் கட்டிப் போடுவது பாசமா, பந்தாவா? 2003-ல் ஒரு செல்போன் விளம்பரத்தில் சிறுவன் பின்னாலேயே ஒரு பக் நாய்க்குட்டி ஓடியது. அதைப் பார்த்து எத்தனை வீட்டில் வாங்கினார்கள்! மூக்கு சப்பையான ஜாதி அது. நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். மூச்சுவிடவே திணறும் மூக்கை வைத்துக்கொண்டு அது எப்படி இரைக்கும்? ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி என்று இந்த மண்ணின் நாய்கள் இருக்கின்றன. ராஜபாளையத்துக்கு 2005-ல் தபால் தலையே வெளியிட்டார்கள். தபால் தலையில் பார்த்துச் சந்தோஷப்படுவதோடு நம் பெருமை முடிந்துவிடுகிறது.

நாயின் சாதாரண உடல் சூடு 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. கத்திரி வெயிலில் மதியம் சிமெண்டுத் தரையில் உங்கள் புறங்கையை ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குத் தாங்காத தரையில் அதை நடத்தாதீர்கள். இரைப்பு நிற்காமல், எச்சில் கோழையாக வழிந்து, தள்ளாடினால் உடனே நிழலுக்குத் தூக்குங்கள். சாதாரணத் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றிக் காற்று படும்படி வைத்து, டாக்டரிடம் கொண்டுபோங்கள். நம் டீசலுக்கு மே மாதம் இன்னொரு கஷ்டமும் உண்டு. ஹாஸ்டலைப் பூட்டிவிட்டு நாமெல்லாம் ஊருக்குப் போய்விடுவோம். தண்ணீர் வைக்கக்கூட நாதியில்லை. இரண்டு வருஷம் அது எங்கே போய்க் குடித்ததோ, நாங்கள் யாரும் யோசித்ததே இல்லை. போன வருஷம்தான் வாட்ச்மேன் தாத்தாவிடம் சொல்லி ஒரு சிமெண்டுத் தொட்டி வைத்தோம்.

மழைக்காலம் வந்தால் உண்ணி. தோலில் ஒட்டியிருப்பதைப் பிடுங்கினால் மட்டும் தீராது. சுவர் வெடிப்பில், கட்டிலுக்கு அடியில் ஆயிரக்கணக்கில் முட்டை இருக்கும். உண்ணிக் காய்ச்சல் வந்தால் ஈறு வெளுத்து, மூக்கில் ரத்தம் வடியும். சீக்கிரம் கண்டுபிடித்தால் மருந்து உண்டு. தேங்கின தண்ணீரில் எலி மூத்திரம் கலந்தால் எலிக்காய்ச்சல். குட்டிகளுக்குப் பார்வோ, ரத்தபேதியாகி இரண்டு மூன்று நாளில் ஆளையே முடித்துவிடும். பார்வோ, டிஸ்டம்பர், எலிக்காய்ச்சல் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தடுப்பூசி இருக்கிறது. ஆறு எட்டு வாரத்தில் ஆரம்பித்து, மூன்று நாலு வார இடைவெளியில் 16 வாரம் வரை போட வேண்டும். ஒன்று போட்டுவிட்டு நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். தீபாவளியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். நமக்கு 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும், நாய்க்கு அதைப்போல இரண்டு மடங்கு. வெடி வைக்கும்போது அதை உள் அறையில் விட்டு ஜன்னலைச் சாத்துங்கள், வாலில் சரம் கட்டுகிற வீரர்களை நாலு அறை விடுங்கள்.

"மனுஷனுக்கே மருந்துக்கு வழியில்ல, நாய்க்கு என்னடா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் எலிக்காய்ச்சல் நாயோடு நிற்காது, நமக்கும் வரும். வெறிநாய்க்கடி நோய் முற்றி அறிகுறி தெரிந்துவிட்டால் நாயும் பிழைக்காது, மனிதனும் பிழைக்க மாட்டான். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று பயந்த காலம் போய்விட்டது. ஆட்டு மூளையில் தயாரித்த அந்தப் பழைய மருந்து 2004-லேயே இந்தியாவில் நின்றுவிட்டது. இப்போது கையில்தான் ஊசி, அரசு மருத்துவமனையில் இலவசம். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஓட வேண்டும். ஆனால் அதற்கு முந்தைய வேலை, நாய்க்கு மூன்று மாதத்தில் ஒரு ஊசி, பிறகு வருஷா வருஷம். நூற்றுக்கணக்கான பையன்கள் தடவிக் கொஞ்சும் டீசலுக்கு இரண்டு வருஷமாக அந்த ஊசி போடவே இல்லை என்பது அன்று ஆஸ்பத்திரியில்தான் தெரியவந்தது! எல்லோருடைய நாய் என்றால் யாருடைய நாயும் இல்லை என்று அர்த்தமா? விளையாட்டு விழாக் கோப்பைக்கு நிதி ஒதுக்கும் நம் மாணவர் சங்கம் வருஷத்துக்கு ஒரு நாள் இதற்கும் ஒதுக்கலாம். அறைக்கு மாதம் பத்து ரூபாய் போட்டாலே மீதிப் பணத்தில் அதற்கு மருந்தும் வாங்கலாம்.

டீசல் இப்போது 31 கிலோ. பூரி கிடையாது. சோறு, முட்டை, வேகவைத்த காய், அதுவும் அளந்துதான். குளிர் காலையில் இன்னும் கொஞ்சம் நொண்டுகிறது, வெயில் ஏறினால் சரியாகிவிடுகிறது. அதன் தடுப்பூசி அட்டை என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. ஏப்ரலில் நான் கடைசிப் பரீட்சை எழுதிவிட்டுக் கிளம்பிவிடுவேன். இரண்டாமாண்டு தம்பிகளில் யாராவது பதினேழாம் நம்பர் அறைக்கு வந்து அதை வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த ஊசிக்கான தேதியைச் சிவப்பு மையில் குறித்து வைத்திருக்கிறேன்.